மென்பொருள் மாறும், பதிவு நிலைக்கும்: நூலகத் தொழில்நுட்பம் பற்றி ஒரு மதிப்பாய்வு

2015 அக்டோபர் 1 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் இயங்கும் ஓ.சி.எல்.சி. என்ற நூலகக் கூட்டமைப்பு தன் கடைசி நூற்பட்டி அட்டைகளை அச்சிட்டது. காங்கிரஸ் நூலகம் 1901-இல் அட்டைகளை அச்சிட்டு விற்கத் தொடங்கியதிலிருந்து நூறாண்டுக்கும் மேலாக நடந்துவந்த ஒரு தொழில் அத்துடன் முடிந்தது. அட்டைகளில் இருந்த செய்தி மட்டும் அழியவில்லை. நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு, பொருள், அலமாரியில் அது இருக்கும் இடம் ஆகியவை கணினிப் பதிவுகளாக மாறி இன்றும் புழங்குகின்றன. கருவிகள் வந்து போயிருக்கின்றன, பதிவுகள் தங்கியிருக்கின்றன.

நம்மிடையே நூலகத் தானியக்கம் பற்றிய பேச்சு பெரும்பாலும் கருவியோடு நின்றுவிடுகிறது. எந்த மென்பொருள் நல்லது, எத்தனை கணினி வாங்கலாம், பார்கோடு போதுமா, ஆர்.எஃப்.ஐ.டி. வேண்டுமா என்பவையே கேள்விகள். அந்தக் கருவிக்குள் இடப்படும் பதிவு யாருடையது, எந்த வடிவத்தில் இருக்கிறது, அதில் தமிழ் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்பவர் குறைவு. நூலகத்தின் எதிர்காலம் இந்த இரண்டாவது வரிசைக் கேள்விகளில்தான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

அட்டையிலிருந்து கணினிக்கு

இன்றைய நூலக மென்பொருள்கள் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை 1960-களில் காங்கிரஸ் நூலகத்தில் உருவான ‘மார்க்’ என்ற பதிவு வடிவம். அதை வடிவமைத்த குழுவின் தலைவர் ஹென்ரியட் ஆவ்ரம். அவர் நூலகராகப் பயின்றவர் அல்லர். கணினி நிரலாளராக அங்கே வந்தவர். 1966-இல் முன்னோட்டம் தொடங்கி 1968-இல் முழு வடிவம் வந்தது. ஒரு நூலைப் பற்றிய ஒவ்வொரு செய்திக்கும் அவர்கள் ஓர் எண் கொடுத்தார்கள். ஆசிரியர் பெயருக்கு 100, தலைப்புக்கு 245, பொருளுக்கு 650, பன்னாட்டுத் தர நூல் எண்ணுக்கு 020. இந்த வடிவத்தைப் பின்பற்றும் நூலகம் எந்த மொழி பேசும் நாட்டில் இருந்தாலும் 245 என்றால் தலைப்புதான். இந்த எளிய ஏற்பாட்டால் ஒரு நூலகம் எழுதிய பதிவை இன்னொரு நூலகம் அப்படியே எடுத்துக்கொள்ள முடிந்தது.

அந்த வாய்ப்பை நடைமுறையில் காட்டியவர் ஃபிரெட் கில்கர். அவர் தலைமையில் 1967-இல் ஓஹையோ கல்லூரி நூலகங்கள் கூடித் தொடங்கியதே ஓ.சி.எல்.சி. 1971 ஆகஸ்ட் 26 அன்று ஓஹையோ பல்கலைக்கழக நூலகத்தில் முதன்முறையாக இணைப்புவழி நூற்பட்டியாக்கம் நடந்தது. ஒருவர் ஒரு முறை பதிவு செய்த நூலை மற்றவர்கள் மறுபடி பதிவு செய்ய வேண்டியதில்லை என்ற நிலை வந்தபின் நூலகரின் உழைப்பு பல மடங்கு பயன் தந்தது. கூட்டுப் பட்டியல் என்ற கருத்தின் வலிமை இதுவே. தமிழ் நூல்களுக்கு இன்றுவரை இப்படி ஒரு பொது அடித்தளம் முழுமையாக அமையவில்லை.

விலைக்கு வாங்கிய கருவியும் அதன் விதியும்

1980-களிலும் 90-களிலும் நூல் வாங்குதல், பட்டியலாக்கம், இரவல், இதழ்ப் பராமரிப்பு ஆகியவற்றை ஒன்றாக இணைத்த வணிக மென்பொருள்கள் பரவின. பிறகு நிறுவனங்கள் ஒன்றையொன்று விழுங்கத் தொடங்கின. 2005-இல் சிர்சியும் டைனிக்ஸும் ஒன்றாயின. எக்ஸ் லிப்ரிஸ் நிறுவனத்தை 2015-இல் புரோகுவெஸ்ட் வாங்கியது. இன்னொரு பெரிய நிறுவனமான இன்னோவேட்டிவ் இண்டர்ஃபேசஸ் 2020-இல் எக்ஸ் லிப்ரிஸிடம் போனது. 2021-இல் புரோகுவெஸ்ட்டையே கிளாரிவேட் வாங்கிவிட்டது. ஆய்விதழ்த் தரவுகளை விற்பதும் நூலகத்தின் உள்நிர்வாக மென்பொருளைத் தருவதும் ஒரே கையில் வந்து சேர்ந்தன.

விற்பவர் மாறும்போது வாங்கியவரின் விருப்பம் கேட்கப்படுவதில்லை. ஒரு பொருளுக்கு ஆதரவு நிறுத்தப்பட்டால் நூலகம் வேறொன்றுக்குப் பெயர வேண்டும். அப்போது பதிவுகள் பொது வடிவில் இருந்தால் பெயர்வது சிரமமான வேலை. நிறுவனத்தின் சொந்த வடிவில் பூட்டிக்கிடந்தால் ஏறத்தாழ முடியாத வேலை. நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றில், எங்கோ ஒரு சிறு நிறுவனம் எழுதிக்கொடுத்த மென்பொருளில் பல்லாயிரம் நூல்களின் விவரம் சிக்கிக்கிடக்கிறது. எழுதியவர் தொழிலை விட்டுப் போனபின் அதைத் திறக்க வழி இல்லாமல், பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துவைத்து மறுபடி தட்டச்சு செய்கிறார்கள்.

ஹோரோவென்னுவா காட்டிய வழி

இதற்கு மாற்று நியூசிலாந்தின் சிறிய நூலகம் ஒன்றிலிருந்து வந்தது. லெவின் நகரை மையமாகக் கொண்ட ஹோரோவென்னுவா நூலக அறக்கட்டளை 1999-இல் ஒரு நெருக்கடியில் இருந்தது. அவர்களுடைய பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாண்டி ஓடாது. புதிதாக வாங்கப் பணமும் போதாது. காட்டிப்போ என்ற சிறு நிறுவனத்தைக் கொண்டு இணைய உலாவியில் இயங்கும் ஒரு மென்பொருளை எழுதச் செய்தார்கள். 2000 ஜனவரியில் அது பணிக்கு வந்தது. அதன் மூலநிரலை யாரும் எடுத்துத் திருத்திப் பயன்படுத்தலாம் என்ற பொது உரிமத்தில் வெளியிட்டார்கள். அதுதான் ‘கோஹா’.

தொடக்கத்தில் கோஹாவில் மார்க் வடிவம் இல்லை. ஓஹையோவின் நெல்சன்வில் பொது நூலகம் தன் தேவைக்காகப் பணம் கொடுத்து அதைச் சேர்க்கச் செய்தது. அந்தச் செலவின் பயன் உலகம் முழுவதற்கும் கிடைத்தது. பின்னர் அமெரிக்க நிறுவனம் ஒன்று கோஹா என்ற பெயரையே நியூசிலாந்தில் தன் வணிகக் குறியாகப் பதிய முயன்றபோது, ஹோரோவென்னுவா அறக்கட்டளை எதிர்த்து நின்று 2013-இல் வென்றது. ஜார்ஜியா மாநிலப் பொது நூலகங்கள் தங்கள் கூட்டமைப்புக்காக எழுதுவித்து 2006-இல் இயக்கத் தொடங்கிய ‘எவர்கிரீன்’ இதே வழியில் வந்த இன்னொரு மென்பொருள்.

கட்டற்ற மென்பொருளுக்குச் செலவே இல்லை என்று நினைப்பது தவறு. உரிமக் கட்டணம் இல்லை, அவ்வளவுதான். சர்வர் வேண்டும், லினக்ஸ் அறிந்த ஒருவர் வேண்டும், அன்றாடம் பேக்கப் எடுக்க வேண்டும், ஆண்டுதோறும் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டும். வணிக நிறுவனத்துக்குப் போயிருக்கும் பணத்தின் ஒரு பங்கையாவது ஊழியரின் பயிற்சிக்குச் செலவிட்ட நூலகங்களில்தான் கோஹா நன்றாக ஓடுகிறது.

இந்திய அனுபவம்

இந்திய நூலகங்கள் கணினியைத் தொட்டது பெரும்பாலும் யுனெஸ்கோ இலவசமாக வழங்கிய சி.டி.எஸ்./ஐசிஸ் வழியாக. 1980-களின் பிற்பகுதியிலிருந்து ஒரு தலைமுறை நூலகர்கள் அதில்தான் பழகினார்கள். அது தகவல் சேமிப்புக்கும் தேடலுக்கும் ஏற்றது. இரவல் கணக்குக்கு அவ்வளவு பொருந்தாது. பிறகு இன்ஃபிலிப்நெட் மையம் பல்கலைக்கழக, கல்லூரி நூலகங்களுக்காக உருவாக்கிய ‘சோல்’ 2000-இல் வந்தது. அரசு நூலகங்களுக்கு தேசியத் தகவலியல் மையத்தின் ‘இ-கிரந்தாலயா’ இருக்கிறது. இவற்றோடு கோஹாவும் சேர்ந்து இன்று மூன்று வழிகள் நம் முன் உள்ளன.

கல்லூரிகளை இந்தப் பக்கம் வேகமாகத் தள்ளியது, உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை அளக்கும் நாக் மதிப்பீடு. நூலகம் ஒருங்கிணைந்த மென்பொருளால் தானியக்கம் செய்யப்பட்டிருக்கிறதா என்பது அதன் கேள்விகளில் ஒன்று. நன்மை உண்டு, ஆனால் ஒரு குறையும் உண்டு. மதிப்பெண்ணுக்காகச் செய்யும் தானியக்கம் பார்கோடு ஒட்டுவதோடு நின்றுவிடுகிறது. தலைப்பு, ஆசிரியர், விலை என்ற மூன்றை மட்டும் நிரப்பி, பொருள் தலைப்பும் பகுப்பெண்ணும் இல்லாமல் பதிவை முடித்துவிடுகிறார்கள். இரவல் கணக்குக்கு அது போதும். ஒரு பொருளைப் பற்றி நூலகத்தில் என்னென்ன இருக்கிறது என்று தேடும் மாணவருக்குப் போதாது.

இந்த மண்ணில் இது கூடுதலாக வருத்தம் தருவது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்து 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளையும் 1933-இல் கோலன் பகுப்பு முறையையும் வெளியிட்டார். வாசகரின் நேரத்தைக் காப்பது அவருடைய நான்காம் விதியின் சாரம். 1948-இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னாலும் அவருடைய உழைப்பு இருந்தது. சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கப்படும் நூலக வரி இன்றும் நம் கிளை நூலகங்களையும் ஊர்ப்புற நூலகங்களையும் தாங்கி நிற்கிறது. சட்டம், வரி, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் என எல்லாம் இருக்கும் மாநிலத்தில், எந்த ஊரில் எந்த நூல் இருக்கிறது என்பதை ஒரே இடத்தில் தேடிச் சொல்லும் முழுமையான கூட்டுப் பட்டியல் இருப்பதே நியாயம்.

தமிழ் பட்டியலுக்குள் வரும்போது

எந்த மென்பொருளை எடுத்தாலும் தமிழ் நூலகருக்கு எதிர்ப்படும் சிக்கல்கள் சில உண்டு. விற்பனைக் கையேடுகள் அவற்றைச் சொல்வதில்லை.

முதலாவது, எழுத்துருக் குறியீடு. 1990-களில் ஒவ்வொரு எழுத்துருவும் தனித்தனிக் குறியீட்டில் இருந்தது. 1999-இல் டாம், டாப் என்ற தரங்கள் வந்தன. 2010 ஜூனில்தான் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை அதிகாரபூர்வமாக ஏற்றது. இந்தக் காலத்தில் தட்டச்சான பதிவுகளை ஒருங்குறிக்கு மாற்றாமல் புதிய மென்பொருளில் ஏற்றினால் திரையில் குப்பையே தெரியும்.

இரண்டாவது, ஒருங்குறியிலேயே ஒரே எழுத்தைப் பல விதமாக எழுத முடிவது. ‘ஔவையார்’ என்பதை ‘ஔ’ என்ற ஒற்றை எழுத்தாலும் எழுதுகிறார்கள். ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டியும் எழுதுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. ‘ஸ்ரீ’ என்பதற்கும் இரண்டு குறியீட்டு வரிசைகள் புழக்கத்தில் உள்ளன. ‘கொ’, ‘கோ’ போன்றவற்றின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். இதை மென்பொருள் தானாகச் சமன் செய்துவிட முடியும், ஆனால் அந்த வசதி இயங்குகிறதா என்று ஒருவர் சோதித்தாக வேண்டும். சோதிக்காத இடத்தில், அலமாரியில் இருக்கும் நூலை ‘இல்லை’ என்று கணினி சொல்லும்.

மூன்றாவது, அகரவரிசை. ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகளுக்கான இஸ்கி என்ற பொது அமைப்பைத் தழுவியது. அதில் ‘ன’ எழுத்து ‘ந’வுக்குப் பக்கத்திலும் ‘ற’ எழுத்து ‘ர’வுக்குப் பக்கத்திலும் வைக்கப்பட்டுள்ளன. குறியீட்டெண்படி அப்படியே வரிசைப்படுத்தினால் ‘அன்பு’ ‘அப்ப’ருக்கு முன்னால் வந்து நிற்கும், தமிழ் அகராதியில் அது ‘அற’த்துக்கும் பின்னால் வர வேண்டிய சொல். மெய்யெழுத்தும் இப்படித்தான்: ‘க்’ முதலில் வருவதற்குப் பதிலாக ‘கௌ’வுக்குப் பின்னால் தள்ளப்படுகிறது. தமிழ் வரிசைக்கான விதிகள் பன்னாட்டுத் தரங்களில் எழுதப்பட்டுவிட்டன. மென்பொருளில் அவற்றைப் பொருத்துவது மட்டுமே மீதி.

நான்காவது, பெயர். குடும்பப் பெயரை முன்னே போட்டுக் காற்புள்ளி இட்டு மற்றதை எழுதும் மேற்கத்திய விதி நமக்குப் பொருந்தாது. நம் முதலெழுத்துகள் ஊரையும் தந்தையையும் குறிப்பவை. உ.வே. சாமிநாதையர் ஓரிடத்தில் ‘சாமிநாத ஐயர்’ என்றும் இன்னோரிடத்தில் ‘உ.வே.சா.’ என்றும் பதிவாகிறார். சொ. விருத்தாசலமும் புதுமைப்பித்தனும் ஒருவரே என்பதும், ரா. கிருஷ்ணமூர்த்தியும் கல்கியும் ஒருவரே என்பதும் வாசகருக்குத் தெரியும். கணினிக்கு யாராவது சொல்ல வேண்டும். இப்படிச் சொல்வதற்கு ‘அதிகாரப் பதிவு’ என்ற ஏற்பாடு நூலகவியலில் இருக்கிறது. ஒருவருக்கு ஒரே நிலையான பெயர்வடிவம், அதற்குக் கீழே அவருடைய மற்றெல்லாப் பெயர்களும். தமிழ் எழுத்தாளர்களுக்கு இத்தகைய பொதுக் கோப்பைத் தயாரிப்பதுதான் இன்று தமிழ் நூலகத் துறை செய்யக்கூடிய மிகப் பெரிய தொண்டு.

ஐந்தாவது, அயலகப் பட்டியல்கள். அமெரிக்க நூலகங்கள் தமிழ் நூல்களை நெடுங்காலம் ரோமன் எழுத்தில் மட்டுமே பதிந்தன. சீனம், ஜப்பானியம் போன்ற மொழிகளின் மூல எழுத்து அங்கே 1980-களிலேயே பதிவுகளில் இடம்பெறத் தொடங்கியது. தமிழுக்கு அந்த இடம் தாமதமாகத்தான் கிடைத்தது. அவர்களுடைய ரோமன் முறை எழுத்துக்கு எழுத்து நிற்பது. ஒலிப்பு மாறினாலும் ‘த’வுக்கு ஒரே ஆங்கில எழுத்துதான். நாம் பழக்கத்தில் எழுதும் ஆங்கில வடிவத்தைத் தட்டினால் அங்கே இருக்கும் நூல் கிடைக்காது. மூல எழுத்தை இணைத்து எழுத மார்க் வடிவத்தில் 880 என்ற இடமே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த இடத்தை நிரப்பத் தமிழ் அறிந்த கைகள் வேண்டும்.

மின்னூலகங்கள்: வளம் உண்டு, வழி தனித்தனி

பட்டியலுக்கு அப்பால் நூலையே இணையத்தில் தரும் பணியில் தமிழர்கள் முன்னோடிகள். 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரத்தின் முன்னெடுப்பில் தன்னார்வலர்கள் உலகின் பல மூலைகளிலிருந்து இலக்கியங்களைத் தட்டச்சு செய்து தந்தார்கள். 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பல்லாயிரக்கணக்கில் மின்னாக்கியிருக்கிறது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்த ஒரு சமூகத்தின் உறுதி அதில் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொருவராகச் சேர்த்த ஏறத்தாழ ஒரு லட்சம் அச்சுப்பொருள்கள், சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994 முதல் சென்னையில் ஆய்வு நூலகமாகக் காக்கப்படுகின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகம் நடத்தும் மின்னூலகத்தில் நாட்டுடைமையான நூல்களும் அரிய இதழ்களும் கிடைக்கின்றன. சிங்கப்பூரின் பொன்விழாவை ஒட்டி 2015-இல் அந்நாட்டுத் தமிழ் இலக்கிய நூல்கள் தேசிய நூலக வாரியத்தின் வழியாக மின்வடிவம் பெற்றன.

இவை ஒவ்வொன்றிலும் தனித்தனியே தேட வேண்டியிருப்பதுதான் குறை. பல களஞ்சியங்களின் விவரங்களை ஓரிடத்தில் அறுவடை செய்துகொள்ள உதவும் நெறிமுறை 2001 முதலே இருக்கிறது. எம்.ஐ.டி.யும் எச்.பி. நிறுவனமும் 2002-இல் வெளியிட்ட ‘டிஸ்பேஸ்’ போன்ற கட்டற்ற மென்பொருள்களில் அது உள்ளடங்கியே வருகிறது. காரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கிய தேசிய மின்னூலகம் இந்தியக் களஞ்சியங்களை இப்படித்தான் ஒருங்கே தேட வைக்கிறது. ஒருமித்த விவரப்பதிவு இருந்தால் தமிழ்க் களஞ்சியங்களையும் இப்படி இணைக்கலாம்.

படமாக வருடிய பக்கங்களை எழுத்தாக்கும் எழுத்துணரி தமிழுக்கு இப்போது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் பழைய அச்சின் ‘ணா’, ‘லை’ போன்ற வடிவங்களில் தடுமாறுகிறது. சரிபார்ப்பதற்கு மனிதர் வேண்டும். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நூற்பதிவு எழுதுவதற்கும் இதே விதி பொருந்தும். முதல் வரைவை எந்திரம் தரலாம். இல்லாத நூலை இருப்பதாகவும் அது எழுதிவிடும் என்பதால் பொறுப்பை நூலகரே ஏற்க வேண்டும்.

வாங்கியும் சொந்தமாகாத நூல்

அச்சு நூலை வாங்கினால் நூலகத்துக்குச் சொந்தம். மின்னூலுக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே. 2011-இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம், அமெரிக்க நூலகங்களுக்குத் தரும் மின்னூல் 26 முறை இரவல் போனபின் காலாவதியாகும் என்று அறிவித்தது. 2019-இல் மேக்மில்லன், ஒரு நூலகக் கூட்டமைப்புக்குப் புதிய நூலின் ஒரே ஒரு மின்படியை மட்டும் தந்து மற்றதற்கு எட்டு வாரம் காத்திருக்கச் சொன்னது. எதிர்ப்பு வலுத்து 2020 மார்ச்சில் கைவிட்டது. தன்னிடமுள்ள அச்சு நூலை வருடி ஒருவருக்கு ஒரு படி என்ற கணக்கில் இரவல் தந்த இணைய ஆவணகத்துக்கு எதிராக 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆய்விதழ்களில் இந்தியா வேறு வழியை எடுத்தது. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. சிற்றூர்க் கல்லூரி மாணவருக்கு இது பெரும் பேறு. சந்தா நின்றால் வாசிப்பும் நிற்கும் என்பதை மறக்கக் கூடாது. ஆகவே நம் ஆய்வேடுகளை ‘சோத்கங்கா’ போன்ற நமக்கே சொந்தமான களஞ்சியங்களில் சேர்ப்பதை விடாமல் தொடர வேண்டும்.

வாசகரின் தனியுரிமையும் இதில் அடங்கும். யார் எதைப் படித்தார் என்பது நூலகத்தின் வாசலைத் தாண்டக்கூடாத செய்தி. 2014-இல் அடோபியின் மின்னூல் வாசிப்புச் செயலி, படிப்பவரின் விவரங்களை மறைகுறி இல்லாமலே தன் சர்வருக்கு அனுப்பியது தெரியவந்தது. திரும்பி வந்த நூலின் இரவல் வரலாற்றிலிருந்து வாசகர் பெயரை நீக்கும் வசதி கோஹாவில் உண்டு. அதை இயக்கி வைப்பது நூலகரின் கடமை.

ஒரு தாக்குதல் தந்த பாடம்

2023 அக்டோபர் இறுதியில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை ‘ரைசிடா’ என்ற கும்பல் முடக்கியது. நூலகம் பணம் தர மறுத்தது. ஏறத்தாழ 600 ஜி.பி. தரவு வெளியே கொட்டப்பட்டது. 3.6 கோடி பதிவுகள் கொண்ட முதன்மைப் பட்டியல் 2024 ஜனவரி 15 அன்றுதான் தேடும் வடிவிலாவது திரும்பி வந்தது. பழைய அமைப்புகள் பல பிணைந்து கிடந்ததே மீட்பு தாமதமானதற்குக் காரணம் என்று அந்நூலகமே வெளிப்படையாக அறிக்கை எழுதியது. உலகின் பெரிய நூலகங்களில் ஒன்றுக்கே இந்த நிலை. பேக்கப்பை அதே கணினியின் இன்னொரு டிரைவில் வைத்திருக்கும் நம் நூலகங்களுக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை கிடைக்காது.

செய்ய வேண்டியது

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் சில முடிவுகள் தெளிவாகின்றன. எந்த மென்பொருளை ஏற்பதற்கு முன்னும், முழுப் பதிவுகளையும் மார்க் வடிவில் வெளியே எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். காட்ட முடியாததை வாங்கக் கூடாது. ‘ஔவையார்’ என்று இரு விதமாகவும் தேடி, அகரவரிசையையும் பார்த்தபின்னரே தமிழ் வேலை செய்கிறது என்று ஒப்ப வேண்டும். பேக்கப்பின் ஒரு படி வேறு ஊரில் இருக்க வேண்டும். பொது நூலகத் துறையும் பல்கலைக்கழகங்களும் மின்னூலகங்களும் சேர்ந்து தமிழ் ஆசிரியர்களுக்கான அதிகாரக் கோப்பையும், எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் தமிழ் நூற்பதிவுத் தொகுப்பையும் உருவாக்க வேண்டும். ஓஹையோவின் கல்லூரிகள் 1967-இல் கூடிச் செய்ததை, ஒருங்குறியும் கட்டற்ற மென்பொருளும் கையில் இருக்கும் நம்மால் அதைவிடக் குறைந்த செலவில் செய்ய முடியும்.

ஒரு நூலகத்தின் அடுத்த ஆண்டு நிதியில் ஒரே ஒரு செலவுக்குத்தான் இடம் என்றால், அது தமிழ் நன்கறிந்த, பட்டியலாக்கம் கற்ற ஒரு நூலகரின் சம்பளமாக இருக்கட்டும். அவர் எழுதும் ஒவ்வொரு பதிவும் இன்றைய மென்பொருளிலும், பத்தாண்டு கழித்து வரப்போகும் மென்பொருளிலும் வாசகருக்கு நூலைக் காட்டிக்கொண்டிருக்கும்.